வகுப்பறை இல்லாத பல்கலைக்கழகம்

பாடசாலையில் எங்கள் ஊர் எழுத்தாளர் ஒருவரைப் பற்றிச் செயற்திட்டம் செய்யச் சொன்னார்கள் என்று போன கிழமை மருமகன் வந்து நின்றான். அவன் எடுத்திருந்தது தி. த. சரவணமுத்துப்பிள்ளையை. நல்ல தெரிவுதான். திருகோணமலையில் பிறந்து, சென்னைக்குப் போய், 1895இல் 'மோகனாங்கி' நாவலை வெளியிட்டவர். தமிழில் வந்த முதல் சரித்திர நாவல் என்று அதைத்தான் சொல்வார்கள். கொப்பியில் பெயருக்குக் கீழே ஒரு படம் ஒட்டியிருந்தான். சிவப்புச் செங்கல் கட்டடம், நாலு மூலையிலும் நாலு கோபுரம், ஒவ்வொன்றின் தலையிலும் வெங்காயம் போல ஒரு குமிழ். படத்துக்கு அடியில், "இவர் படித்த சென்னைப் பல்கலைக்கழகம்."

"மாமா, பார்த்தால் பள்ளிவாசல் மாதிரி இருக்கு. பிழையான படத்தை எடுத்திட்டனோ?"

படம் பிழை இல்லை என்றேன். அடுத்த கேள்வி உடனே வந்தது. "அப்ப அவர் இதில எந்த வகுப்பில இருந்து படிச்சிருப்பார்?"

இந்த இரண்டாவது கேள்வியில்தான் விசயம் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் வகுப்பறையே கிடையாது. அதைக் கட்டியபோது சென்னைப் பல்கலைக்கழகம் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. நடத்தும் எண்ணத்தோடு அது தொடங்கப்படவும் இல்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் 1857 செப்டெம்பர் 5இல் வந்தது. அதே ஆண்டில் சில மாதங்கள் முன்னதாகக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் இதே மாதிரிச் சட்டங்கள் வந்துவிட்டன. மூன்றுக்கும் முன்மாதிரி அன்றைய இலண்டன் பல்கலைக்கழகம். படிப்பிப்பது கல்லூரிகளின் பாடு. பல்கலைக்கழகம் பாடத்திட்டம் போடும், வினாத்தாள் தயாரிக்கும், பரீட்சை வைக்கும், தேறியவர்களுக்குப் பட்டம் கொடுக்கும். எங்கள் நாட்டில் பரீட்சைத் திணைக்களம் செய்கிற வேலையோடு பட்டம் கொடுக்கும் அதிகாரத்தையும் சேர்த்துப் பாருங்கள், அதுதான் அன்றைய பல்கலைக்கழகம். மாநிலக் கல்லூரி, கிறிஸ்தவக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி என்று படிப்பு நடந்த இடங்கள் வேறு.

இந்த ஏற்பாட்டில் ஈழத்தவருக்கு ஒரு வசதி இருந்தது. பரீட்சைதான் எல்லாம் என்றால், எங்கே படித்தாய் என்ற கேள்வி இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேருமே யாழ்ப்பாணத்தவர்கள். ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் அமெரிக்க மிஷன் நடத்திய உயர் கல்விக்கூடமான வட்டுக்கோட்டைச் செமினரியில் உருவானவர்கள். தாமோதரம்பிள்ளை மாணவராக இருந்த காலத்தில் விசுவநாதபிள்ளை அங்கே ஆசிரியர். படிப்பித்தவரும் படித்தவரும் ஒன்றாகப் பட்டம் எடுத்த கதை யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் பேசப்படும். 1823இல் தொடங்கிய அந்தச் செமினரி 1855இல் மூடப்பட்டுவிட்டது. பல்கலைக்கழகம் பிறந்தபோது அவர்களை உருவாக்கிய இடமே இல்லை. ஆனால் கையில் படிப்பு இருந்தது. போய்ப் பரீட்சை எழுதினார்கள். பெயர் பெற்ற எத்தனையோ ஆட்கள் இருந்த சென்னை மாகாணத்தில் முதல் இரண்டு பட்டமும் கடல் கடந்து வந்தவர்களுக்குப் போனது எப்படி என்று கேட்டால், இதுதான் பதில். தாமோதரம்பிள்ளை பிறகு ஏட்டில் கிடந்த தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சுக்குக் கொண்டுவந்தது எல்லோரும் அறிந்த கதை.

சரி, பாடம் நடத்தாத பல்கலைக்கழகத்துக்குக் கட்டடம் எதற்கு? அதற்கு இருந்த வேலைகளே அதற்கும் பதில். மூதவை கூட வேண்டும் (செனட் என்பதை எங்கள் பல்கலைக்கழகங்களில் மூதவை என்கிறோம்). பரீட்சைக்குப் பெரிய இடம் வேண்டும். ஆண்டுக்கொரு தடவை ஆளுநர் வந்து இருக்க, பட்டதாரிகள் அங்கி போட்டு வரிசையில் வந்து பட்டம் வாங்க ஒரு மண்டபம் வேண்டும். மூன்றுக்கும் பொதுவான தேவை ஒன்றுதான். நடுவில் தூண் குறுக்கிடாத, உயர்ந்த, நீண்ட ஒற்றை மண்டபம். செனட் ஹவுஸ் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கட்டடத்தின் உடம்பு அவ்வளவுதான். சுமார் 130 அடி நீளமான மண்டபம். ஆயிரம் பேருக்கு மேல் தாராளமாக இருக்கலாம். மற்றதெல்லாம், அதாவது கோபுரம், குமிழ், வளைவு, வண்ணக் கண்ணாடி எல்லாம், அந்த மண்டபத்துக்குப் போட்ட உடுப்பு.

அந்த உடுப்பைத் தைத்தவர் பெயர் ராபர்ட் சிசொம். 1864இல் மாநிலக் கல்லூரிக்கும் செனட் ஹவுசுக்கும் சென்னை அரசாங்கம் வடிவமைப்புப் போட்டி ஒன்று வைத்தது. வந்தவை 17 வரைபடங்கள். சிசொமின் வரைபடம் வென்றபோது அவருக்கு வயது இன்னும் முப்பதைத் தொடவில்லை. முதலில் மாநிலக் கல்லூரிக் கட்டடத்தை முடித்தார், அது 1870இல் திறக்கப்பட்டது. செனட் ஹவுஸ் வேலை 1874இல் தொடங்கி 1879இல் முடிந்தது. அதற்குள் அவர் அரசாங்கத்தின் ஆலோசனைக் கட்டடக் கலைஞராகிவிட்டார்.

மாநிலக் கல்லூரியையும் செனட் ஹவுசையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு ஒரே ஆள் கட்டியது என்று தோன்றாது. கல்லூரி இத்தாலியச் சாயல் உள்ளது, அடக்கமானது. செனட் ஹவுஸ் ஒரு நவாபின் மாளிகைக்கும் பைசாந்தியத் தேவாலயத்துக்கும் பிறந்த பிள்ளை போல நிற்கிறது. இடையில் நடந்தது என்ன?

நடந்தது, நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்தவர். 1870இல் இந்தியக் கட்டடக் கலை பற்றி அவர் ஓர் உரை நிகழ்த்தினார். வெயில் நாட்டில் ஐரோப்பியக் கட்டடங்களைப் பிரதி பண்ணி நிறுத்துவது சரியில்லை, பொதுக் கட்டடங்களுக்கு இந்த நாட்டு முஸ்லிம் அரசர்கள் கையாண்ட வளைவும் குவிமாடமும் ஆழ்ந்த நிழலும்தான் பொருந்தும் என்பது அவர் கட்சி. சிசொம் அதற்கு ஏற்ற ஆள். கேரளத்து மரக் கட்டடங்களையும் கூர்ந்து பார்த்தவர். திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய அருங்காட்சியகத்துக்கு நேப்பியரின் பெயரையே வைத்தார்கள். இந்தக் கலவைப் பாணிக்குப் பின்னாளில் வந்த பெயர் இந்தோ-சரசனிக். சரசன் என்பது ஐரோப்பியர் முஸ்லிம்களுக்கு வைத்திருந்த பழைய பெயர். மருமகனின் கண்ணுக்குப் பள்ளிவாசல் தெரிந்ததில் பிழையே இல்லை. அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள்.

காலநிலை ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நிலம் யாருடையது என்று பார்த்தால் இன்னொரு காரணமும் தெரியும். செனட் ஹவுஸ் நிற்பது சேப்பாக்கத்தில், ஆர்க்காட்டு நவாபின் அரண்மனை வளவுக்குள். அந்த அரண்மனை 1768இல் எழுந்தது. 1855இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்தார், கிழக்கிந்தியக் கம்பனி நவாப் பட்டத்தை ஒழித்தது, அரண்மனை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. சிசொம் அரண்மனையின் இரண்டு பகுதிகளான கலச மஹாலுக்கும் ஹுமாயூன் மஹாலுக்கும் நடுவில் ஒரு கோபுரத்தை எழுப்பிப் பழையதையும் புதியதையும் ஒட்டவைத்தார். பக்கத்தில் வந்த செனட் ஹவுசும் அதே குடும்பத்துப் பிள்ளை போல இருக்கும்படி பார்த்துக்கொண்டார். நவாப் இல்லை, அவருடைய குமிழ்கள் மட்டும் பெருகின.

திருகோணமலைக்காரருக்கு இது விளங்கக் கஷ்டம் இல்லை. பிரெட்ரிக் கோட்டை வாசலில் ஒரு நிமிடம் நின்றால் போதும். 1622இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அந்தக் கல்லையே எடுத்து 1624இல் கோட்டையைக் கட்டினார்கள். ஒல்லாந்தர் வந்து அதைத் திருத்தி 1675 என்று பொறித்தார்கள். ஆங்கிலேயர் தங்கள் அரச முத்திரையை வைத்து 1803இல் பெயரையும் மாற்றினார்கள். வாசல் தூணில் இன்றைக்கும் பாண்டியர் சின்னமான இரட்டைக் கயல் இருக்கிறது, கோணேசர் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் மூட்டிய திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்ற வரிகளும் இருக்கின்றன. போர்த்துக்கேயன் கோயிலை உடைத்துக் கல்லை எடுத்தான். சென்னையில் ஆங்கிலேயன் அரண்மனையை உடைக்கவில்லை, அதன் சாயலை எடுத்துக்கொண்டான். இரண்டாவது நாகரிகமான வழி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இரண்டிலும் புதிதாக வந்தவன், போனவனின் இடத்தில் உரிமையோடு நிற்கப் பார்க்கிறான்.

நான் அந்தக் கட்டடத்தை நேரில் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பலாலியில் விமானம் ஏறி, ஒன்றரை மணித்தியாலத்தில் சென்னையில் இறங்கி, மறுநாளே ஓட்டோ பிடித்து மெரினாவுக்குப் போய்விட்டேன். ஞாயிறு பார்த்துப் போனது என் பிழை. மண்டபம் பூட்டியிருந்தது. வெளியே சுற்றிப் பார்த்ததிலேயே அரைநாள் போயிற்று, அதற்காக வருத்தப்படவில்லை.

ஆனி மாதம். காலை பத்தரைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று மேற்கிலிருந்து, சூடாக, தூசியோடு. எங்களுடைய கச்சான்தான், அங்கே பெயர்தான் வேறு. சிவப்புச் சுவரை ஒட்டிய வளைவு விறாந்தைக்குப் பக்கமாக நின்றேன். சுவரில் கையை வைத்தால் வெயில் படாத பக்கம் குளிர்ந்து கிடக்கிறது. ஒரு செங்கல்லின் விளிம்பு உப்புப் பட்டு மாவாக உதிர்ந்திருந்தது. விரலில் ஒட்டியதைத் தட்டிவிட்டேன். மேலே புறாக்கள். குட்டையான கனத்த தூண்கள், அவற்றின் தலைப்பில் இலையும் கொடியுமாகச் செதுக்கிய வேலை. ஒரு தூணைப் போல மற்றது இல்லை என்று பார்த்துக்கொண்டே போனேன். ஒரு மணி இருக்கும், திடீரென்று காற்று திரும்பியது. கடற்பக்கமிருந்து ஈரக் காற்று. வளைவுகளின் ஊடாக அது புகுந்து போவதைக் கழுத்தில் உணர முடிந்தது. அந்த நேரத்தில்தான் கட்டடம் எனக்குப் பிடிபட்டது.

சென்னையும் திருகோணமலையும் ஒரே வங்காள விரிகுடாவைப் பார்க்கும் ஊர்கள். இரண்டுக்கும் சூரியன் கடலில்தான் உதிக்கும், இரண்டுக்கும் பெருமழை ஐப்பசி கார்த்திகையில்தான். நடு வருடத்தில் இரண்டிலும் மேல்காற்று வாட்டும், கடற்காற்று எப்போது வரும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். ஆகவே சிசொம் செய்த ஒவ்வொன்றையும் எங்கள் பழைய வீடுகளோடு வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, சுற்று விறாந்தை. மண்டபத்தின் நீளப் பக்கங்களில் வளைவுகள் வைத்த நடை போகிறது. அழகு பிறகு. அதன் முதல் வேலை, பிரதான சுவரில் நேர் வெயில் படாமல் காப்பது. சுவர் சுடாவிட்டால் உள்ளே இருப்பவன் வேகமாட்டான். மழைக் காலத்தில் சாரலும் யன்னலுக்கு எட்டாது, யன்னலைத் திறந்தே வைக்கலாம். எங்கள் ஊரில் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடங்கள் எதை எடுத்தாலும் இதுதான் இலட்சணம். டொக்யார்ட் பக்கமாக இப்போது கடற்படை வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கும் பழைய ஒல்லாந்தர் மாளிகையின் மேல்மாடி விறாந்தையில் பின்னேரம் நின்று பாருங்கள், தெரியும்.

இரண்டாவது, உயரம். ஐம்பது அடி உயரக் கூரைக்குக் கீழே ஆயிரம் பேரை இருத்தி அங்கியும் போடவைத்தால், அவர்கள் விடும் மூச்சுச் சூடு எங்கே போகும்? மேலே போகும். மேலே யன்னல் இருந்தால் வெளியேறும், அதன் இடத்துக்குக் கீழே விறாந்தைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மின்விசிறி வருவதற்கு முந்திய கட்டடம் இது. கயிறு கட்டி இழுக்கும் துணி விசிறியான பங்கா இருந்திருக்கலாம், ஆனால் இவ்வளவு பெரிய மண்டபத்துக்குப் பங்கா எந்த மூலைக்கு? உயரமும் திறப்பும்தான் அதன் விசிறி. இன்றைக்கு ஒன்பதரை அடியில் கொங்கிறீட் தட்டு போட்டு, விறாந்தையை மூடி அறையாக்கி, பிறகு ஏசி வாங்குகிறோம். மனையாவெளியில் எங்கள் ஒழுங்கையிலேயே நாலு வீடு காட்டுவேன்.

மூன்றாவது, தடித்த சுவர். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் பகல் வெயிலை மெல்ல மெல்ல உறிஞ்சும். சூடு உள்ளே வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். பகலில் மட்டும் ஆள் இருக்கும் மண்டபத்துக்கு இது வரம். இரவும் படுக்கிற வீட்டுக்கு அவ்வளவு நல்லதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆச்சி வீட்டில் சித்திரையில் நாங்கள் எல்லோரும் முற்றத்தில்தான் படுத்தோம்.

சுண்ணாம்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பழைய கட்டடங்களைக் கொல்வதும் காப்பதும் அதுதான். சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு பெயர்போனது. கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, சலித்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்து, பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சை வழுவழுப்பான கல்லால் தேய்த்தால் சலவைக்கல் போல மினுங்கும். எங்கள் பக்கம் முருகைக்கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். இப்போது முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை, அது வேண்டியதும்தான். எந்தச் சுண்ணாம்பாக இருந்தாலும் ஒரு குணம் பொது. அது மூச்சு விடும். நிலத்திலிருந்து ஏறும் ஈரமும் கடற்காற்று கொண்டுவரும் உப்பும் சுவருக்குள் போனால், சுண்ணாம்பு அவற்றை வெளியே வரவிடும். பூச்சு மெல்ல மெல்லத் தேயும், கல் தப்பும். மேலே சீமெந்து பூசினால் வாசல் அடைபட்டது போலாகிவிடும். ஈரம் உள்ளே நிற்கும், உப்பு செங்கல்லுக்குள்ளேயே பூத்துச் செங்கல்லை மாவாக்கும்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்து அறியவில்லை. அப்பா இருந்தபோது வீட்டு முன்சுவர் பொருக்கு விட்டது. மேசன் ஒருவர் வந்து, "சுண்ணாம்பெல்லாம் பழைய காலம், சீமெந்தில ஒரு பூச்சு விட்டா நூறு வருசத்துக்கு அசையாது" என்று அடித்துச் சொன்னார். பூசினார். இரண்டு மாரி போனது. மூன்றாவது மாரியில் சீமெந்து பலகை பலகையாகக் கழன்று விழுந்தது, உள்ளே செங்கல்லைச் சுரண்டினால் சிவப்பு மா. செனட் ஹவுசில் அந்த உதிர்ந்த விளிம்பைத் தொட்டதும் அப்பா சுவரைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகம் வந்தது. பல்கலைக்கழகத்தின் 150ஆவது ஆண்டை ஒட்டி, 2007ஐ அண்டி, அந்தக் கட்டடத்தைப் பெரிய அளவில் திருத்தினார்கள். அதற்கு முன்பு நெடுங்காலம் கவனிப்பாரற்றுத்தான் கிடந்தது. பக்கத்து அரண்மனையின் நிலை இன்னும் மோசம். 2012இல் தீப்பிடித்துக் கலச மஹால் எரிந்தது, அதை மீட்டுக் கட்டப் பல ஆண்டு பிடித்தது.

அந்தக் கட்டடத்தில் பரீட்சையும் பட்டமளிப்பும் மட்டும் நடந்ததில்லை. 1937இல் மாகாணத் தேர்தலுக்குப் பிறகு சென்னைச் சட்டசபை இடமில்லாமல் இங்கேதான் கூடியது. 1937 முடியும்வரை இராஜாஜி அமைச்சரவையின் விவாதங்கள் இந்தக் கூரைக்குக் கீழேதான் நடந்தன. பேசும் ஆட்களின் சத்தத்தை அந்த உயரம் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன், எதிரொலியில் பாதிப் பேச்சு போயிருக்கும். வெளியே விக்டோரியா மகாராணியின் சிலை இன்னும் ஒரு சிறு கூரை மண்டபத்தின் கீழ் இருக்கிறது, 1887 பொன்விழாவுக்கு வைத்தது.

இனி எங்கள் ஆட்கள். சரவணமுத்துப்பிள்ளையும் அவருடைய அண்ணன் தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் திருகோணமலைத் தம்பிமுத்துப்பிள்ளையின் மக்கள். பெயருக்கு முன் நிற்கும் தி., த. இரண்டும் ஊரும் தகப்பனும். கனகசுந்தரம்பிள்ளை 1863இல் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழக பி.ஏ. ஆகவே அவர் பட்டம் பெற்ற காலத்தில் செனட் ஹவுஸ் எழும்பி முடிந்துவிட்டது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்பதில் தாமோதரம்பிள்ளைக்குத் துணை நின்றவர். முதல் பட்டதாரிக்குத் துணையாகத் திருகோணமலையிலிருந்து ஒரு பட்டதாரி.

தம்பி படித்தது மாநிலக் கல்லூரியில். படித்த இடத்திலேயே இருந்த கீழைத்தேயச் சுவடி நிலையத்தில் பிறகு நூலகரானார். ஓலைச் சுவடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பெண்கள் விடுதலையைப் பேசும் 'தத்தைவிடு தூது' எழுதினார், நாயக்கர் காலத்தை வைத்து 'மோகனாங்கி' எழுதினார். சரித்திர நாவல் எழுதும் எண்ணம் வந்தது தற்செயல் இல்லை என்பது என் ஊகம். சுவடி நிலையத்தில் வேலை செய்பவனுக்குப் பழைய அரசர்கள் பக்கத்து மேசைக்காரர் மாதிரி. சிசொம் கட்டிய ஒரு கட்டடத்தில் அவருக்கு வேலை, பத்துப் பதினைந்து நிமிட நடையில் சிசொமின் இன்னொரு கட்டடம். முதலாவதில் படிப்பு, இரண்டாவதில் பட்டம். மருமகனுக்கு நான் கடைசியில் விளக்கியது இந்த வித்தியாசத்தைத்தான்.

பட்டம் கொடுப்பவர் ஓர் ஊரில், படிப்பவன் இன்னோர் ஊரில் என்ற இந்த முறை ஈழத்தில் மிக நீண்ட காலம் இருந்தது. சென்னை, கல்கத்தா, இலண்டன் என்று பரீட்சை வைத்த இடங்கள் மாறின, அவ்வளவுதான். எங்கள் இந்துக் கல்லூரி 1925இல் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்கு வந்தபோது அதை நடத்திய சுவாமி விபுலானந்தர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. இலண்டனுக்குப் போகாமலே 1920இல் எடுத்த பட்டம் அது. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்த பிறகும் மாணவர்கள் இலண்டன் பரீட்சைக்குத்தான் படித்தார்கள். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவான பிறகே பட்டம் உள்ளூரில் கிடைத்தது. அடுத்த ஆண்டே அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராகப் போனவரும் விபுலானந்தர்தான்.

அந்தப் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் போனபோது நடந்ததைச் சேப்பாக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அபர்குரொம்பி, ஹொலிடே என்ற இரண்டு ஆங்கிலேயர் திட்டம் போட, ஷேர்லி டி அல்விஸ் கட்டடங்களை வரைந்தார். மூதவைக் கட்டடத்துக்கு அவர் தெரிந்தெடுத்தது அனுராதபுரம், பொலன்னறுவை, கண்டி மரபுகளின் தூணும் கூரையும் சந்திரவட்டக் கல்லும். மழையும் குளிரும் உள்ள மலைநாட்டுக்கு அந்தச் சரிந்த கூரை நன்றாகவே பொருந்துகிறது, கட்டடம் அழகானதும்தான். ஆனால் இங்கேயும் காலநிலை பாதிக் காரணம். புதிய அரசு எந்த அரசர்களின் வாரிசாகத் தெரிய விரும்பியது என்பது மீதிப் பாதி. எங்கள் ஊர்க் கோட்டை வாசலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பாதி தப்பாது.

நிலாவெளிப் பாதையில் கோணேசபுரியில் இருக்கும் எங்கள் திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு இப்படி எந்த உடுப்பும் இல்லை. வகுப்பறை இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1923ஆம் ஆண்டுச் சட்டம் அதை முழு அளவில் கற்பிக்கும் பல்கலைக்கழகமாக்கியது. அதற்கென்று செனட் ஹவுசைச் சுற்றிப் புதிய கட்டடங்கள் வந்தன. அவற்றில் ஒன்று நூலகம். மாநிலக் கல்லூரியில் சரவணமுத்துப்பிள்ளை காத்த சுவடிகள் பிற்காலத்தில் அந்த நூலகக் கட்டடத்துக்குத்தான் இடம் மாறின.

மருமகன் கொப்பியைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினான். படத்தைக் கழற்றவில்லை. அடியில் இருந்த வரியை வெட்டிவிட்டு, "இவருடைய அண்ணன் பட்டம் பெற்ற பல்கலைக்கழகத்தின் மூதவை மண்டபம். இங்கே யாரும் படிக்கவில்லை" என்று எழுதியிருந்தான். ரீச்சர் இதற்குப் புள்ளி குறைப்பாவோ என்று அவனுக்குப் பயம்.